காவலும் களவும்

களவு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. காதலர் இருவர் பிறர் அறியாமல் உள்ளம் ஒன்றுபடும் ஒழுக்கத்தை நம் முன்னோர் களவு என்றனர். பிறர் பொருளை அவர் அறியாமல் கவரும் குற்றத்தையும் களவு என்றே வழங்கினர். முன்னதற்கு இலக்கணம் வகுத்துப் போற்றினர். பின்னதைக் கடிந்து அறம் உரைத்தனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பின்னதைப் பற்றி. அதிலும் சிறப்பாக, ஆளை மிரட்டியோ அடித்தோ பொருளைப் பறிக்கும் வழிப்பறியையும் கொள்ளையையும் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

சட்டம் இவற்றை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், உடையவர் இசைவின்றிப் பொருளைக் கொண்டு செல்வது திருட்டு என்றது. அதில் அடிதடியோ உயிரச்சமோ கலந்தால் கொள்ளை என்றது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செய்தால் அது கூட்டுக் கொள்ளை. 2024 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டதோடு, கழுத்துச் சங்கிலியைப் பறித்து ஓடுவது போன்ற செயலைத் தனிக் குற்றமாகவும் வகுத்துள்ளது. சட்டம் குற்றத்தின் பெயரைச் சொல்லும். அதற்குரிய தண்டனையைச் சொல்லும். குற்றம் ஏன் பிறக்கிறது என்பதைச் சொல்வது அதன் வேலையன்று. அதனை வரலாற்றிடந்தான் கேட்க வேண்டும்.

பொதுவாக இக்கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. வறுமையே காரணம் என்பார் ஒரு சாரார். பிறவிக் குணமே காரணம் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் எளிய விடைகள். எளியவை ஆகையால் பலருக்கும் பிடித்த விடைகள். ஆனால் நான் பிறந்து வளர்ந்து ஆசிரியப் பணி செய்த கோவில்பட்டிக் கரிசல் நாட்டின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், இவ்விரண்டு விடைகளும் போதா என்பது புலனாகும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற கருத்தை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கூறியிருப்பதை மாணவர்கள் அறிவீர்கள். அப்பாலையில் வாழ்வோராகப் பழைய இலக்கியங்கள் காட்டுவது ஆறலை கள்வரை. ஆறு என்றால் வழி. வழிச் செல்வோரை அலைத்துப் பொருள் பறிப்போர் ஆறலை கள்வர். நிலம் திரிந்தால் தொழில் திரியும், தொழில் திரிந்தால் ஒழுக்கமும் திரியும் என்ற உண்மையை அப்புலவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், சாத்தூர் என்று விரிந்து கிடக்கும் கரிசல் காடு பாலையன்று. பொன் விளையும் பூமி. ஆனால் வற்றாத ஆறு ஒன்றேனும் அதற்கு இல்லை. வைப்பாறு பெயரளவில் ஆறு. ஆண்டில் பல மாதம் அதில் மணலே ஓடும். புரட்டாசி, ஐப்பசியில் வானம் பார்த்து விதைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் சோளம், கம்பு, உளுந்து, மல்லி, பருத்தி என்று வீடு நிறையும். மழை பொய்த்தால் மறு ஐப்பசி வரையில் நிலத்தில் வேலை இல்லை. மழைக்காலத்தில் காலை விடாமல் பற்றிக்கொள்ளும் இம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தொலைவு. நடுவில் நிழலுக்கு ஒரு மரம் இராது. பருத்திப் பொதி ஏற்றித் தூத்துக்குடிக்குச் செல்லும் வண்டிகள் இரவின் குளிர்ச்சியில் வரிசையாகச் செல்லும். வண்டியோட்டி கண்ணயர்ந்தால் மாடு வழியறிந்து நடக்கும். இத்தகைய நாட்டில் காவல் என்பது உழவைப் போலவே இன்றியமையாத தொழிலாயிற்று.

அக்காவல்முறை எவ்வாறு நடந்தது என்பதை அறிவது இங்கு மிகவும் தேவை. பாளையக்காரர் காலத்தில் இருவகைக் காவல் இருந்தன. ஓர் ஊருக்குள் அமைந்த காவல் தல காவல்; பல ஊர்களையும் பெருவழிகளையும் உள்ளடக்கிப் பாளையக்காரர் பொறுப்பில் இருந்தது தேச காவல். ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்காரருக்கு அளந்து கொடுப்பர். அதற்கு ஈடாகக் காவற்காரர் ஊர்ப் பொருளுக்குப் பிணையாவர். மாடு களவு போனால் மீட்டுத் தர வேண்டும். மீட்க இயலாவிடில் அதன் விலையைத் தாமே ஈடுகட்ட வேண்டும். இன்றைய ஈட்டுறுதி நிறுவனங்கள் செய்யும் வேலையும் போலீஸார் செய்யும் வேலையும் ஒருவரிடமே அமைந்திருந்தன என்று சொல்லலாம்.

ஆனால் இம்முறைக்கு மற்றொரு முகமும் இருந்தது. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் அடுத்த அமாவாசைக்குள் களவு நடக்கும். காணாமற்போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்வதற்கென்று ஒரு தொகை கேட்கப்படும். அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். துப்புக்கூலி கைமாறினால் மாடு ஏதோ ஒரு மரத்தடியில் கட்டிக் கிடக்கும். காப்பவனே கவர்பவனாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. கொடுங்கோல் மன்னன் வரி கேட்பதை வழிப்பறிக்காரன் பொருள் கேட்பதோடு வள்ளுவப் பெருந்தகை ஒப்பிட்டது நினைவுக்கு வருகிறது. காவலுக்கும் களவுக்கும் இடையே உள்ள வரப்பு மிகவும் மெல்லியது. அவ்வரப்பு எப்போது அழியும்? காவற்காரன் தன் தொழிலால் நேர்மையாக வாழ முடியாதபோது அழியும்.

அப்படி ஒரு காலம் வந்தது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கோலார்பட்டி, ஏழாயிரம்பண்ணை ஆகிய கரிசல் நாட்டுப் பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. 1801இல் இரண்டாம் முறை மூண்ட போரும் அடக்கப்பட்ட பின்னர், கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. பாளையக்காரரின் காவல் வரும்படி கும்பினியாரின் கைக்குப் போயிற்று.

மாணவச் செல்வங்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வேலும் வளரியும் ஏந்திக் காவல் புரிந்த ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு ஒரே நாளில் தொழில் போயிற்று. அவர்களுக்கு நிலம் கொடுத்தார்களா? இல்லை. வேறு தொழில் கற்பித்தார்களா? அதுவும் இல்லை. ஊரார் கொடுத்து வந்த கூலி அரசாங்கத்தின் வரியில் கலந்தது. ஆனால் ஊரைக் காக்க அரசாங்கம் போதிய ஆட்களை அனுப்பவில்லை. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவர்களையும் தலையாரிகளையும் காவலுக்குப் பொறுப்பாக்கியது. வரி தண்டும் அதிகாரிகளே போலீஸ் அதிகாரமும் வைத்திருந்தமையால் நேர்ந்த கொடுமைகளைச் சென்னையில் அமைந்த சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் வெளிப்படுத்தியது. அதன் பின்னரே, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப் போலீஸ் துறை அமைந்தது. 1801க்கும் 1859க்கும் இடையே ஐம்பத்தெட்டு ஆண்டுகள். பழைய காவல் சட்டப்படி ஒழிந்தது. புதிய காவல் இன்னும் வேரூன்றவில்லை. இந்த இடைவெளியில், பழைய காவற்காரர் மறைவாகக் கூலி வாங்குவதும், கூலி கிடைக்காத இடத்தில் களவு செய்வதும் வழக்கமாயின. 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை நூலாக வெளியிட்ட கால்டுவெல் ஐயரும், 1917இல் வெளிவந்த மாவட்டக் கையேட்டை எழுதிய பேட் துரையும் இக்காவல்முறையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கின்றனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டா. இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் 1812இல் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பிரபுக்களின் பண்ணைகளைக் காத்து வந்த ஆயுதக் காவலர்களும், புதிய அரசின் கை எட்டாத ஊர்களும் அங்கும் இருந்தன. காவலுக்குக் கூலி, கொடாவிடில் சேதம் என்ற அதே நடைமுறை அங்கும் வளர்ந்தது. பின்னாளில் உலகமே அஞ்சிய மாஃபியாக் கூட்டங்கள் அந்நிலத்திலிருந்துதான் முளைத்தன. கடல் கடந்த தீவிலும் கரிசல் காட்டிலும் ஒரே காரணம் ஒரே காரியத்தை விளைவித்திருக்கிறது. அப்படியானால் இரத்தத்தின் மீது பழி போடுவது எவ்வாறு பொருந்தும்?

அடுத்த காரணம் பஞ்சம். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் குறிப்பிடுவர். மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை அமைந்ததும் அதே 1876ஆம் ஆண்டில்தான். இருப்புப் பாதை பஞ்சம் பட்ட ஊருக்குத் தானியம் கொண்டுவந்ததும் உண்டு. விலை ஏறிய இடத்தை நாடித் தானியத்தை வாரிச் சென்றதும் உண்டு. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஒரு சிறு காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். பசித்தவன் முன்னே தானிய மூட்டை வண்டியேறிப் போனால் என்ன நடக்கும்? மாகாணமெங்கும் தானிய வண்டிகளும் களஞ்சியங்களும் கொள்ளையிடப்பட்டன. சிறைச்சாலைகள் நிரம்பின. முதல் உலகப் போரின் இறுதியில், 1918ஆம் ஆண்டில், விலைவாசி வானளாவியபோதும் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தானியக் கொள்ளைகள் நிகழ்ந்தன.

இங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. வறியவர் எப்போதும் வறியவராகவே இருந்தனர்; ஆனால் எப்போதும் கொள்ளையடிக்கவில்லை. விலை திடீரென ஏறி, வணிகன் பதுக்கி, அரசு பாராமுகமாக இருந்த காலத்தில்தான் கொள்ளை எழுந்தது. நீண்ட வறுமையை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். திடீரென வாயிலிருந்து பறிபோகும் கவளத்தையும், அதைப் பறித்தவனுக்கு யாதொரு தண்டனையும் இல்லாத அநீதியையுமே அவன் பொறுப்பதில்லை.

கொள்ளைக்கு அஞ்சி வாழ்ந்தோர் என்ன செய்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். கோவில்பட்டிக்கு வடக்கே சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தனர். பேட்டை என்பது வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கு மதில் சூழ அமைத்த இடம். உள்ளே கிணறு இருக்கும். ஒவ்வொரு வணிகரும் தம் வாணிகத்துக்கு ஏற்ற ஒரு சிறு தொகையை மகமை என்ற பெயரில் பொது நிதிக்குக் கொடுத்தனர். பேட்டையைக் காக்கத் தொடங்கிய அம்மகமை அத்துடன் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே நிதியிலிருந்து பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அச்சத்தில் பிறந்த மதிற்சுவர் அறிவாலயத்துக்கு அடித்தளமாயிற்று. ஒருவன் தனியே வாங்கும் பூட்டைக் காட்டிலும் ஊர் கூடி அமைக்கும் ஒற்றுமை வலியது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஆயினும், பேட்டை தன் மதிலுக்குள் இருப்போரை மட்டுமே காத்தது. மதிலுக்கு வெளியே தொழிலிழந்து நின்றவனின் சிக்கலை அது தீர்க்கவில்லை. 1899 சூன் மாதத்தில் சிவகாசியில் நிகழ்ந்த பெருங்கலவரமும் கொள்ளையும் அதனை உணர்த்தின.

இனி, அரசாங்கம் மேற்கொண்ட வழியைக் காண்போம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்று முதலில் 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. அக்கூட்டத்தில் பிறந்தவர்களின் கைவிரல் ரேகை பதிவாகும். ஆகவே மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ கணக்குக் காட்ட வேண்டும். வெளியூர் செல்ல வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியேற்றப் பள்ளிகளில் வைக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. மதுரைச் சீமைப் பிரமலைக் கள்ளர், ஆப்பநாட்டு மறவர் உள்ளிட்ட பல சமூகத்தார் மீது இச்சட்டம் பாய்ந்தது. ஒரு களவும் செய்யாத உழவனும், கையெழுத்துப் போடக் கற்கும் சிறுவனும் ஒருங்கே குற்றவாளிகளாயினர்.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்து எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டனர், மாயக்காள் என்ற பெண்மணியும் அவருள் ஒருவர். பின்னர்ப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் இச்சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று கிளர்ச்சி நடத்தினர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் இந்தியா முழுமையிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இச்சட்டம் களவைக் குறைத்ததா? ஒரு கூட்டத்தாரை அடைத்துவைக்கும்போது அவர்கள் செய்யக்கூடிய சில குற்றங்கள் குறையத்தான் செய்யும். ஆனால் இரவெல்லாம் சாவடியில் கிடந்தவன் மறுநாள் எங்கே கூலிக்குப் போவான்? ராதாரிச் சீட்டுடன் வருபவனை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? நேர்மையாக வாழும் வாயில்களை எல்லாம் அடைத்துவிட்டு நேர்மையாக வாழ் என்று கட்டளையிடுவது, கிணற்றைத் தூர்த்துவிட்டு நீர் இறைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

சட்டம் நீங்கினாலும் சொல் எளிதில் நீங்குவதில்லை. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வகுப்பில் தேர்வுக் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு மாணவன் பெயர் பலர் வாயில் வந்தது. அவன் செய்த பிழை ஏதும் இல்லை. அவன் பிறந்த ஊரின் பெயரே அவன் மீது ஐயத்தை எழுப்பியது. அன்று மாலையே பணம் வருகைப் பதிவேட்டின் அட்டை உறைக்குள் அகப்பட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தனர். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று அழைத்துவந்தோம். அவன் பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். தம் இளமையில் மாலைதோறும் சாவடிக்கு நடந்து சென்ற வழியை எனக்கு விரலால் சுட்டிக் காட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சட்டத்தின் ஆயுள் சட்டப் புத்தகத்தில் இருக்கும் காலம் மட்டுமன்று என்பதை அந்த விரல் எனக்கு உணர்த்தியது.

இதற்கு மாறான ஒரு வழியும் அதே காலத்தில், அதே மதுரைச் சீமையில் நிகழ்ந்தது. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் வீணாகிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீர் மேலூர்ப் பகுதிக்கு எட்டியது. காவலையும் களவையும் சொல்லிப் பேசப்பட்ட அப்பகுதிக் கள்ளர் நாடு இருபோக நெல் விளையும் வயற்காடாயிற்று. மக்கள் உழவர்களாக நிலைத்தனர். நீர் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலப் பகுதிகளிலோ வறட்சி நீடித்தது. ரேகைச் சட்டத்தின் கொடுமை அங்கேதான் மிகுதியாக இருந்தது. ஒரே பெயர் பூண்ட மக்கள். ஓரிடத்தில் வாய்க்கால் சென்றது, ஓரிடத்தில் போலீஸ் சென்றது. எது வென்றது என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் அரசும் இதனை ஓரளவு உணர்ந்தது. 1920ஐ ஒட்டிக் கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டுப் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கிணறு வெட்டக் கடனும் வழங்கப்பட்டன. அன்று தோன்றிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் பயின்றோர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் விளங்கியதை நாடறியும்.

இதுகாறும் கூறியவற்றால் கொள்ளைக்குரிய காரணங்களை ஐந்தாகத் தொகுக்கலாம். தொழில் வைத்திருந்தவனின் தொழில் மாற்று வழியின்றிப் பறிபோவது ஒன்று. பஞ்சமும் விலையேற்றமும் திடீரெனத் தாக்குவது இரண்டு. காவல் இல்லாத இடமும் காலமும் வாய்ப்பது மூன்று. கொள்ளைப் பொருளை வாங்குவோர் இருப்பது நான்கு. குற்றவாளி என்று ஒருவனுக்குப் பெயர் சூட்டி நேர்வழியை அடைத்துவிடுவது ஐந்து. இவற்றோடு குடி, சூது, கடன் ஆகிய மூன்றும் எக்காலத்தும் எரியும் நெருப்புக்கு நெய் வார்ப்பன.

இவற்றுள் நான்காவதைப் பற்றி ஒரு சொல். துப்புக்கூலி கொடுப்பார் இருந்தமையால் மாடு திருடுவார் இருந்தனர். இன்றும் அறுத்த சங்கிலியைக் கேள்வியின்றி உருக்கித் தருவார் இருப்பதனால்தான் அறுப்பார் இருக்கின்றனர். களவுப் பொருளை அறிந்து வாங்குவோனும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே. பாதி விலைக்குக் கைப்பேசி கிடைக்கிறது என்று மகிழ்ந்து வாங்கும் இளைஞனும் யாரோ ஒருவரின் கண்ணீரை விலைக்கு வாங்குகிறான்.

கொள்ளையைக் குறைக்கும் வழி யாது? தண்டனையைக் கடுமையாக்குக என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் விடை. இங்கிலாந்து அதனைச் செய்து பார்த்த நாடு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே இருநூற்றுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடியவனையும் தூக்கிலிடலாம். களவு ஒழியவில்லை. ஓர் உயிர் போகுமே என்று அஞ்சிய நடுவர்கள் குற்றவாளியையே விடுவிக்கலாயினர். 1764இல் இத்தாலிய அறிஞர் பெக்கரியா, தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று எழுதினார். இங்கிலாந்து பின்னர் அச்சட்டங்களைத் தளர்த்தி, 1829இல் இலண்டன் மாநகருக்கு ஒழுங்கான போலீஸ் படையை அமைத்தது. ஆகவே முதல் வழி, விரைவாகத் துப்புத் துலக்குவதும் காலம் தாழ்த்தாமல் நீதி வழங்குவதும் ஆகும். அதற்கு நேர்மையான, போதிய அளவு ஊதியம் பெறும் காவலர் வேண்டும். காவலன் வயிறு காய்ந்தால் காவல் களவாகும் என்பதே கரிசல் வரலாற்றின் பாடம் அன்றோ?

இரண்டாவது வழி, வேலையும் உணவும். கரிசல் நாடு இவ்வழியில் வெகு தூரம் நடந்து வந்திருக்கிறது. 1901இல் கோவில்பட்டியில் அமைந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களையே தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டது. 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் கோவில்பட்டி வரை பரவி, மழை பொய்த்த ஆண்டிலும் குடும்பங்களுக்குக் கூலி தந்தது. அதில் குழந்தைகளின் கைகளும் பட்டுக் கிடந்தன என்ற வேதனையையும் மறைத்தல் ஆகாது. பஞ்சாலைகள் வந்தன. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் பலர் வீட்டில் அடுப்பு எரியக் காரணமாயிற்று. 1956இல் காமராசர் அரசு விரிவாகத் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டமும், பொது விநியோகக் கடைகளும், நூறு நாள் வேலைக்கு உறுதி தந்த 2005ஆம் ஆண்டுச் சட்டமும் தாது வருஷத்துக் கொடுமை திரும்பாமல் காத்தன. மழை பொய்த்த ஆண்டுகள் பிறகும் வந்தன. தானிய வண்டியை மறித்துக் கொள்ளையிடும் கூட்டம் வரவில்லை. இந்த ஒரு செய்தியே ஆயிரம் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு நிகரான சான்று.

மூன்றாவது வழி, தவறியவனைத் திருத்துவது. முதல் முறை தவறியவரை நன்னடத்தைப் பிணையில் விட 1958ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. இன்றைய புதிய சட்டமோ, ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் முறையாகத் தண்டிக்கப்பட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுபவனுக்குச் சமூக சேவையையே தண்டனையாக விதிக்கிறது. சிறைக்குள் சென்ற சிறு திருடன் பெருந்திருடனாக வெளிவருவதைக் கண்டறிந்த அனுபவத்தின் விளைவு இது.

நான்காவது வழி, மக்களின் விழிப்பும் ஒற்றுமையும். இன்றைய ஆறலை கள்வர் இருட்டில் நிற்பதில்லை. கைப்பேசியில் இனிமையாகப் பேசுகின்றனர். வங்கியிலிருந்து அழைப்பதாகச் சொல்லி இரகசிய எண்ணைக் கேட்டு, உழவன் பருத்தி விற்ற பணத்தை நொடியில் உறிஞ்சிவிடுகின்றனர். அவ்வாறு நேர்ந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் தொலைவுக்குச் செல்லும். இச்செய்தியை உங்கள் வீட்டுப் பெரியோர்க்கு எடுத்துச் சொல்வது மாணவர்களாகிய உங்கள் கடமை. அன்று வணிகர் கூடிப் பேட்டை கட்டினர்; இன்று நாம் அறிவால் ஒரு பேட்டை கட்ட வேண்டும்.

ஐந்தாவது வழியே அனைத்தினும் கடினமானது. செலவு சிறிதும் இல்லாததும் அதுவே. எந்தக் குழந்தையையும் அதன் ஊரையோ சாதியையோ சொல்லி ஐயுறாமல் இருத்தல் அது. பொருளைப் பறிகொடுத்தவன் உழைத்து அதனை மீண்டும் ஈட்டிவிடலாம். நற்பெயரைப் பறிகொடுத்தவனுக்கு, அதுவும் பிறக்கும் முன்பே பறிகொடுத்தவனுக்கு, யார் அதனை மீட்டுத் தருவது? அதற்குத் துப்புக்கூலி வாங்குவாரும் இல்லை.

மாணவ மணிகளே, நாளை உங்களுள் சிலர் காவல் துறையில் அமர்வீர்கள். சிலர் நீதி வழங்குவீர்கள். சிலர் வணிகம் செய்வீர்கள். பலர் என்னைப் போல வகுப்பறையில் நிற்பீர்கள். களவு நடந்த இடத்தில் யார் செய்தார் என்று கேட்பது தேவைதான். அதனோடு, இங்கே எந்த வேலை போயிற்று, எந்த வாய்க்கால் வரவில்லை, எந்தப் பள்ளி திறக்கப்படவில்லை என்றும் கேளுங்கள். முதல் கேள்வி ஒரு களவைத் துலக்கும். இரண்டாவது கேள்வி பல களவுகளைப் பிறவாமல் தடுக்கும்.